ஒரு கிலோ பாஸ்பரஸும் ஓர் ஏரியும்

ஏரி பச்சையானதும் எல்லோர் கண்ணும் பாசி மேல்தான் போகிறது. அள்ளலாமா, மருந்தடிக்கலாமா, நடுவில் நீரூற்று வைக்கலாமா என்று ஆளுக்கொரு யோசனை. பாசி என்பது விளைச்சல். உள்ளே எவ்வளவு உரம் போனது, அதில் எவ்வளவு அடிச்சேற்றில் படிந்து கிடக்கிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்காமல் விளைச்சலை மட்டும் அறுத்துக்கொண்டிருந்தால் அடுத்த வெயிலுக்கு மறுபடி அதே பச்சைதான்.

கணக்குப் போட வசதியாக ஒரு சின்ன ஏரியை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஒரு ஹெக்டேர், சராசரி ஆழம் 2 மீட்டர், தண்ணீர் 20,000 கன மீட்டர். இதில் 1 கிலோ பாஸ்பரஸ் கரைந்தால் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கூடும். கேட்டால் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் ஏரி ஆய்வாளர்கள் பரவலாக வைத்திருக்கும் அளவுகோல் இது: மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் தெளிந்த நீர், 35-ஐத் தாண்டினால் மிகையூட்டம் (உரம் மிஞ்சிப் பாசி பெருகும் நிலை), 100-ஐத் தாண்டினால் பச்சைக் குழம்பு. ஆக ஒரே ஒரு கிலோ போதும், தெளிந்த ஏரியை மிகையூட்ட வரிசையில் கொண்டுபோய் நிறுத்த.

அந்த ஒரு கிலோ எங்கிருந்து வரும்? டிஏபி உர மூட்டையில் 46 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவு. அதை 0.436-ஆல் பெருக்கினால்தான் உண்மையான பாஸ்பரஸ் கிடைக்கும்: ஏறக்குறைய 20 சதவீதம். எனவே 5 கிலோ டிஏபி என்பது 1 கிலோ பாஸ்பரஸ். ஒரு 50 கிலோ மூட்டை 10 கிலோ பாஸ்பரஸ். மனிதக் கழிவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை கிராம், அதில் பெரும்பங்கு சிறுநீரில். எழுநூறு பேரின் ஒரு நாள் கழிவு சுத்திகரிக்கப்படாமல் வந்து சேர்ந்தால் அதுவும் ஒரு கிலோ.

அந்தக் கிலோ எவ்வளவு பாசியாகும் என்பதற்கும் கணக்கு உண்டு. கடல் மிதவையுயிரிகளின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஏறத்தாழ நிலையான விகிதத்தில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934-இல் எழுதினார். இன்று அது 106:16:1 என்று பாடப்புத்தகங்களில் நிற்கிறது. இந்த விகிதத்தை எடைக்கு மாற்றினால் 1 கிலோ பாஸ்பரஸுக்குச் சுமார் 115 கிலோ உலர் பாசி. ஈரத்தோடு நிறுத்தால் ஒரு டன்னைத் தாண்டும். அந்தப் பாசி செத்து முழுக்க மட்கினால் 142 கிலோ ஆக்சிஜனைத் தின்னும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் தண்ணீர் 7.5 கிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 19,000 கன மீட்டர் நீரின் ஆக்சிஜன். நம் ஏரியில் இருப்பதே 20,000 கன மீட்டர்.

எல்லாம் ஒரே நாளில் மட்காது, மேற்பரப்பில் காற்றும் ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மேல் நீர் தப்பிவிடும். மாட்டிக்கொள்வது அடிநீர்.

அடிநீருக்குக் காற்றுத் தொடர்பு அறுந்துபோவதற்குக் காரணம் வெப்பம். வெயிலில் சூடான மேல் நீர் எடை குறைந்து மேலேயே மிதக்கும்; குளிர்ந்தது கீழே தங்கிவிடும். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 4 டிகிரி நீருக்கும் 5 டிகிரி நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைவிட, 29-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு முப்பது மடங்குக்கும் மேல். வெதுவெதுப்பான ஏரியில் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே காற்றால் கலக்க முடியாத பூட்டு விழுந்துவிடும். வளிமண்டலம் சூடாவது ஏரியின் அடிச்சேற்றைத் தொடுவது இந்த வழியாகத்தான்: பூட்டு சீக்கிரம் விழுகிறது, இறுகி விழுகிறது, திறக்க நாளாகிறது. அதுவரை கீழே ஆக்சிஜன் இல்லை.

நைட்ரஜனுக்கு வாசல் உண்டு

உரம் என்றால் நைட்ரஜனும்தானே, அதை ஏன் பேசவில்லை என்று கேட்கலாம். பேச வேண்டும். இரண்டும் மண்ணிலிருந்து ஏரிக்கு வரும் பாதையே வேறு.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மண்ணில் விழுந்ததும் யூரியேஸ் நொதி அதை அம்மோனியமாக்கும். காரத்தன்மையுள்ள ஈர மண்ணில், மூடாமல் மேலாகத் தூவினால், அதில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மிச்சத்தை மண் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியம் நேர்மின் அயனி, களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின் அயனி; களிமண்ணும் எதிர்மின்தான், எனவே பிடி கிடையாது. மழை பெய்தால் நீரோடு நீராகக் கீழே இறங்கி நிலத்தடி நீருக்குப் போய்விடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பால்புட்டிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்தை மனத்தில் வைத்துத்தான்.

ஆனால் நைட்ரேட்டுக்கு ஒரு வெளி வாசல் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஈரச் சேற்றில், மட்கும் இலைதழை இருக்கும் இடத்தில், சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். வந்த இடத்துக்கே, காற்றுக்கே, அது திரும்பிவிடுகிறது. சதுப்பு நிலமும் நாணல் காடும் நைட்ரஜனைக் குறைப்பது இப்படித்தான். வேலை அரைகுறையாக நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், ஏறக்குறைய 273 டன் கார்பன் டைஆக்சைடு செய்யும் சூட்டைச் செய்யும். வயலில் இட்ட நைட்ரஜனில் ஏறக்குறைய 1 சதவீதம் இந்த வாயுவாகப் போகிறது என்பது நாடுகள் உமிழ்வுக் கணக்கு எழுதும்போது எடுத்துக்கொள்ளும் பொது மதிப்பு. ஏரிக்கு நல்லது நடக்கும்போது வானத்துக்கு ஒரு பில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பரஸுக்கு இந்த வாசல் இல்லை. சொல்லும்படியான வாயு வடிவம் அதற்குக் கிடையாது. காற்றில் போக வேண்டுமென்றால் தூசியாகத்தான் போக வேண்டும். ஆப்பிரிக்காவின் சாடு நாட்டில் வறண்டுபோன பழைய ஏரிப் படுகையான போடெலே பள்ளத்திலிருந்து கிளம்பும் தூசி அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டில் விழுந்து அதற்குப் பாஸ்பரஸ் ஊட்டுகிறது. ஒரு காலத்தில் ஏரியின் அடியில் படிந்தது இன்னொரு கண்டத்து மரத்துக்கு உரம். ஆனால் அதற்கு ஏரி முதலில் வற்ற வேண்டும்.

இரண்டில் எதைக் கட்டுப்படுத்தினால் பச்சை அடங்கும் என்பதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி 1973-இல் கிடைத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சோதனைக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226 என்ற எண்ணுள்ள ஏரியை, அதன் இடுங்கிய இடுப்பில் ஒரு திரை கட்டி டேவிட் ஷிண்ட்லரின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையானது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் சோப்புத்தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்யும் வாதங்களுக்கு ஆயிரம் அட்டவணைகளைவிட அதிகம் உதவியது. காரணம் எளிது: நைட்ரஜன் போதாவிட்டால் நீலப்பச்சைப் பாசிகளில் சில வகை காற்றிலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸை அப்படிப் பிடிக்க யாராலும் முடியாது. கடலோரக் கழிமுகங்களில் நிலைமை வேறு, அங்கே நைட்ரஜனையும் சேர்த்தே குறைக்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டும் நைட்ரேட்டால் 2017-இல் ஆக்சிஜன் மிகக் குறைந்த அடிநீர்ப் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது.

சேற்றின் கையிருப்பு

இனி நம் ஒரு ஹெக்டேர் ஏரிக்கு வருவோம். பல ஆண்டுகளாகச் சாக்கடை வந்த ஏரி. ஒரு நாள் குழாய் போட்டு எல்லாக் கழிவையும் திருப்பிவிட்டார்கள். நீர் தெளிய வேண்டும் அல்லவா?

மேல்சேறு 10 செ.மீ. மட்டும் எடுத்தால் 1,000 கன மீட்டர். தளர்ந்த ஏரிச் சேற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். உலர்த்தினால் 200 டன் தேறும் என்று கொள்வோம். கிலோவுக்கு 1 கிராம் பாஸ்பரஸ் என்பது இப்படிப்பட்ட சேற்றில் சாதாரணம். கிடக்கும் பாஸ்பரஸ் 200 கிலோ. மேலே நிற்கும் நீரில் இருப்பதோ இரண்டு மூன்று கிலோ. ஏரியின் பாஸ்பரஸ் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

அதைச் சேற்றில் கட்டிப்போட்டிருப்பது பெரும்பாலும் இரும்பு. துருப்பிடித்த நிலையில் உள்ள இரும்பு, அதாவது ஆக்சிஜன் பட்ட இரும்பு, பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்த இரும்பு வேறு வடிவத்துக்கு மாறிக் கரைந்துவிடும். பிடியில் இருந்த பாஸ்பேட்டும் விடுபடும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் என்ற வேகத்தில் வந்தால் (மாசுபட்ட ஏரிகளில் இது சர்வசாதாரணம்), நம் ஏரிக்கு நாளொன்றுக்கு 100 கிராம். பத்து நாள் அடிநீர் மூச்சடைத்துக் கிடந்தால் ஒரு கிலோ. சாக்கடையை நிறுத்தியும் பயனில்லை. சேறே சாக்கடையின் வேலையைச் செய்கிறது. அந்தப் பாஸ்பரஸில் பாசி வளர்கிறது, செத்து அடியில் விழுகிறது, மட்கி ஆக்சிஜனைத் தின்கிறது, ஆக்சிஜன் போனதால் மேலும் பாஸ்பரஸ். ஆக்சிஜனில்லாச் சேற்றில் மீத்தேனும் உண்டாகிக் குமிழியாக மேலே வரும். வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸை நிறுத்திய பிறகும் ஏரி ஒரு சமநிலைக்கு வரப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆவது இதனால்தான்.

கந்தகமும் இங்கே குறுக்கே வரும். கழிவுநீரோடு வரும் சல்பேட் ஆக்சிஜனில்லாத சேற்றில் சல்பைடாகி இரும்பைப் பிடித்துக் கறுப்பு இரும்பு சல்பைடாக்கிவிடும். பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு மிஞ்சாது. சேற்றை அள்ளினால் மை போலக் கறுப்பாகவும் அழுகிய முட்டை நாற்றத்தோடும் வருகிறதென்றால் இதுதான் நடந்திருக்கிறது. அதையே காற்றில் கொஞ்ச நேரம் விட்டால் மேல்புறம் பழுப்பாகும்.

இதைச் சோதிக்கக் கருவி பெரிதாக வேண்டாம். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள தெளிந்த அக்ரிலிக் குழாயைச் சேற்றில் மெல்ல நேராக இறக்கி, மேல்முனையை ரப்பர் அடைப்பானால் அடைத்துத் தூக்குங்கள். நீரை விட்டு வெளியே வரும் முன்பே அடிமுனையையும் அடைத்துவிட வேண்டும். குழாயைச் சாய்க்காமல் வெளிச்சத்தில் பாருங்கள். சேற்றின் மேல்தோலில் சில மில்லிமீட்டருக்குப் பழுப்புப் படலம் இருந்தால் இரும்புப் பிடி இன்னும் இருக்கிறது. கறுப்பு மேல் விளிம்பு வரை வந்திருந்தால் பிடி விட்டுப்போயிற்று. வேகமாகக் குத்தி இறக்கினால் மேல்தோல் கலைந்துவிடும். பார்க்க வேண்டியதே அதுதான், ஆகவே அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து.

அளப்பதில் நடக்கும் தவறுகள்

தெளிவை அளக்க செக்கி தட்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்ததிலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. ஏரிக்கு 20 செ.மீ. விட்டமுள்ள தட்டு போதும். நான்கு பாகமாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு வெள்ளை அடியுங்கள். பளபளக்காத பெயின்டாக இருக்கட்டும். அடியில் எடை கட்டி, 10 செ.மீ.க்கு ஒரு குறி போட்ட கயிற்றில் தொங்கவிட வேண்டும். நைலான் கயிறு ஈரத்தில் நீளும். நீளாத கயிறு எடுங்கள், இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறையாவது குறிகளை டேப் வைத்துச் சரிபாருங்கள். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடுவே, படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தைக் குறியுங்கள், இன்னும் கொஞ்சம் இறக்கி மெதுவாகத் தூக்கி, மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அளவு. அரை மீட்டருக்குள் மறைந்தால் நிலைமை மோசம். கரையிலிருந்து அளப்பது வீண். காற்று ஒதுக்கிவிட்ட பாசி ஆடையைத்தான் அளப்பீர்கள். மழை கழிந்த மறுநாள் மண் கலங்கலும் தட்டை மறைக்கும், அதைப் பாசிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஆக்சிஜனை அளக்கும் நேரம்தான் எல்லாம். பச்சை ஏரியில் பிற்பகல் 3 மணிக்கு அளந்தால் லிட்டருக்கு 12, 15 மில்லிகிராம் கூடக் காட்டும். ‘ஆக்சிஜன் அமோகம்’ என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். அதே ஏரி விடியலில் 1-க்கும் கீழே இருக்கலாம். பகலில் ஒளிச்சேர்க்கை செய்த அதே பாசி இரவு முழுக்கச் சுவாசிக்கிறது. மீன்கள் பொழுது விடியும் முன் மேலே வந்து வாய் பிளப்பதும், மேகமூட்டமான இரண்டு நாளுக்குப் பிறகு கூட்டமாகச் செத்து மிதப்பதும் இதனால்தான். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு முறை அளங்கள்: சூரியன் உதிக்கும் முன் ஒன்று, பிற்பகல் ஒன்று. மேலே ஒன்று, அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒன்று என்று நான்கு எண்கள் இருந்தால் ஏரியின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும்.

மின்முனை மீட்டர் இல்லாவிட்டால் வின்க்லர் முறை. 1888-இலிருந்து இருக்கிறது, இன்றும் மீட்டர்களைச் சரிபார்க்க இதைத்தான் நம்புகிறார்கள். 300 மில்லி பாட்டிலைக் குமிழியில்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட் 1 மில்லி, காரம் கலந்த அயோடைடு-அசைடு கரைசல் 1 மில்லி, இரண்டையும் பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மூடித் தலைகீழாகப் பலமுறை திருப்புங்கள். பழுப்பு மேகம் போலத் திரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை. மேலே எதுவும் செய்ய வேண்டியதில்லை, விடை கிடைத்தாயிற்று. பழுப்பாக இருந்தால் படிய விட்டு, அடர் கந்தக அமிலம் 1 மில்லி சேர்த்துக் கலக்கி, 201 மில்லியை எடுத்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டால் வெளிர் மஞ்சள் வரை கொண்டுவந்து, ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும் வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். செலவான மில்லிதான் லிட்டருக்கு மில்லிகிராம். மூடியின் கீழ் ஒரு குமிழி மாட்டினால்கூட அளவு கூடிவிடும். ஆக்சிஜன் குறைந்த அடிநீரில் இந்தத் தப்பு எப்போதும் நல்ல செய்தியின் பக்கமே சாயும்.

பாஸ்பரஸில் மூன்று வலைகள் இருக்கின்றன. கரைந்த பாஸ்பேட்டை மட்டும் அளந்துவிட்டு ‘கிட்டத்தட்ட பூஜ்யம், பிரச்சினை இல்லை’ என்பது முதலாவது, எல்லாவற்றிலும் பொதுவானதும் இதுதான். பச்சை ஏரியில் அது பூஜ்யமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பாசி அதைத் தின்றுவிட்டது. வடிகட்டாத நீரை, பாசிக்குள் இருப்பதும் கரைந்து வரும்படி செரித்து, மொத்த பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேட்க வேண்டும். இரண்டாவது, அலகு: ஆய்வகம் பாஸ்பேட்டாகச் சொன்னதை 3.07-ஆல் வகுத்தால்தான் பாஸ்பரஸ். மூன்றாவது, பாட்டிலைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுவது. சில சோப்பில் பாஸ்பேட் இருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசி, காய்ச்சி வடித்த நீரால் பலமுறை கழுவுங்கள்.

வரத்தையும் அளக்க வேண்டும். ஓடையில் நொடிக்கு 10 லிட்டர் வருகிறது, லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்றால் நாளொன்றுக்கு 4.3 கிலோ. நம் ஏரி தாங்காது. ஆனால் வறண்ட மாதத்தில் எடுத்த அளவை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிவிட்டால் கணக்கு பொய்த்துப்போகும். வயல்வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு சில பெருமழைகளில்தான் வந்து சேர்கிறது. வெள்ளம் ஏறும் மணிநேரங்களில் நனைந்துகொண்டே மாதிரி எடுத்தவரிடம்தான் உண்மையான எண் இருக்கும்.

வைத்தியங்கள், அவை தோற்கும் விதம்

காப்பர் சல்பேட் பாசியைக் கொல்லும். செத்த செல் உடைந்து, நீலப்பச்சைப் பாசிகளில் சில வகை உள்ளே வைத்திருக்கும் நஞ்சு நீரில் கலக்கும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் குடிநீர் அணைக்குக் காப்பர் சல்பேட் போட்ட சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு நோயில் விழுந்தார்கள். இந்த நஞ்சுகளைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது. நீர் ஆவியாகச் செறிவு கூடும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரிக் கரையில் உள்ள அமெரிக்காவின் டொலீடோ நகரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று அறிவித்தது இதற்காகத்தான்.

அந்த ஈரி ஏரியின் கதையில் ஒரு முரண் இருக்கிறது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சோப்புத்தூளையும் கழிவுநீரையும் கட்டுப்படுத்தி, 1980களில் ஏரி தெளிந்தது. 1990களின் நடுவிலிருந்து பச்சை மறுபடி திரும்பியது. மண் அரிப்பைத் தடுக்க உழாமல் பயிரிடும் முறை பரவியிருந்தது. அதனால் மண்ணோடு ஒட்டி வரும் பாஸ்பரஸ் குறைந்தது. ஆனால் மேலாகத் தூவிய உரம் உழவில்லாததால் மேல்மண்ணின் இரண்டு அங்குலத்திலேயே சேர்ந்து, மழையில் கரைந்து, நிலத்தடி வடிகுழாய் வழியாக நேரே ஏரிக்கு வந்தது. கரைந்த பாஸ்பரஸைப் பாசி அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒரு நல்ல காரியம் இன்னொன்றைக் கெடுத்த இந்தக் கணக்கில் தீர்வு, உரத்தை மேலே தூவாமல் விதைக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் வைப்பது, பெருமழை அறிவிப்பு இருக்கும்போது உரமிடாமல் இருப்பது, மண் பரிசோதனையில் பாஸ்பரஸ் போதுமென்று வந்தால் அடியுரத்தில் அதை நிறுத்திவிடுவது.

ஆகாயத்தாமரையை அள்ளுவது பற்றி: உலர் எடையில் பாஸ்பரஸ் 0.4 சதவீதம், செடியில் 95 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 1 கிலோ பாஸ்பரஸை வெளியேற்ற 5 டன் பச்சைச் செடி அள்ள வேண்டும். செய்யலாம், தப்பில்லை. கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போகும். தூர்வாரிய சேற்றைக் கரையில் கொட்டுவதும் அப்படியே. மிதக்கும் தோட்டங்கள் வைப்பவர்கள் செடியை அறுத்து வெளியே கொண்டுபோகாவிட்டால் அது அலங்காரம். ஏரியைச் சுத்தம் செய்யும் என்று வீசும் நுண்ணுயிர் உருண்டைகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உருண்டைக்குள்ளும் கொஞ்சம் பாஸ்பரஸ் இருக்கும்.

நீரூற்றும் காற்றேற்றியும் அடிநீருக்கு ஆக்சிஜன் கொடுத்தால் நல்லதே. ஆழம் குறைந்த ஏரியில் சேற்றையே கலக்கிவிட்டால் நிலைமை மோசமாகும். மேலே மட்டும் பீச்சியடிக்கும் நீரூற்று அடியைத் தொடுவதே இல்லை.

வரத்து நின்ற பிறகு சேற்றைக் கட்டிப்போட ஆலம் எனப்படும் அலுமினியம் சல்பேட் உதவும். இரும்பைப் போல அலுமினியம் ஆக்சிஜன் போனதும் பிடியை விடாது. ஆனால் அளவைப் பாருங்கள். சேற்றில் எளிதில் விடுபடக்கூடிய பாஸ்பரஸ் சதுர மீட்டருக்கு 5 கிராம் என்றால், எடையில் பத்து மடங்கு அலுமினியம், அதாவது 50 கிராம் தேவை. நம் ஏரிக்கு 500 கிலோ அலுமினியம். ஆலத்தில் அலுமினியம் 9 சதவீதம்தான், ஆகவே ஐந்தரை டன் ஆலம். ஒரே நாளில் போட்டால் லிட்டருக்கு 275 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் ஆலம் அரை மில்லிகிராம் காரத்திறனை (அமிலத்தைத் தாங்கும் திறனை) விழுங்கும், 137 போய்விடும். ஏரி நீரின் காரத்திறனே 100 என்றால் பிஎச் சரிந்து, 6-க்குக் கீழே அலுமினியம் கரைந்து, மீன் சாகும். எனவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும், அல்லது சோடியம் அலுமினேட்டைச் சேர்த்து பிஎச்-ஐ 6-க்கும் 8-க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். முதலில் ஒரு வாளி நீரில் சோதித்துப் பார்க்காமல் யாரும் இதைத் தொடக் கூடாது. சேற்றைக் கிண்டும் கெண்டை வகை மீன்கள் நிறைய இருந்தால் ஆலம் படலம் நிலைக்காது, அவற்றை முன்னதாகவே பிடித்துவிட வேண்டும்.

தூர்வாரினால் எவ்வளவு ஆழம்? சுவீடனின் ட்ரம்மன் ஏரிக்குக் கழிவுநீர் 1950களின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டது. பத்தாண்டு காத்தும் தெளியவில்லை. 1970, 1971 இரண்டு ஆண்டுகளில் மேல்சேறு ஒரு மீட்டர் வரை உறிஞ்சி எடுத்த பிறகே தெளிந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியோ, 1968-இல் சியாட்டில் நகரக் கழிவைத் திருப்பி முடித்த சில ஆண்டுகளிலேயே, செக்கி தட்டு 1 மீட்டரில் மறைந்த நிலையிலிருந்து 3 மீட்டருக்குப் போனது. அது 60 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஏரி. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகவில்லை, இரும்பு பிடியை விடவில்லை. ட்ரம்மன் ஆழம் குறைந்தது, சேறு நிறைந்தது.

ஆகவே இயந்திரத்தை இறக்கும் முன் குழாய் இறக்கிச் சேற்றை எடுத்து, 5 செ.மீ.க்கு ஒரு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாஸ்பரஸுக்குக் கொடுங்கள். நுழைவாய், நடு, ஆழமான இடம், வெளியேறும் இடம் என்று குறைந்தது நான்கு குழாய். 30 செ.மீ. ஆழத்தில் அளவு சரிந்தால் அங்கே வெட்டை நிறுத்திக்கொள்ளலாம். அரை மீட்டர் ஆழத்திலும் அதே எண் வந்துகொண்டிருந்தால், மேலாக 20 செ.மீ. சுரண்டுவது அடியில் இருக்கும், அதே அளவு பாஸ்பரஸ் உள்ள சேற்றுக்கு மேலே வர வழிவிடுவதாகத்தான் முடியும்.